சிப்பம் எங்கள் வீட்டில் இருக்கிறாள்: கொள்முதல் நிலைய நண்பர்களுக்கும் உதவிய மற்றவர்களுக்கும் நன்றி

எங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சம்பா பருவத்தில் மூட்டை சுமந்த அண்ணன்களுக்கும், பட்டியல் எழுத்தர் அவர்களுக்கும், இரவுக் காவல் பார்த்த ஐயாவுக்கும், இந்த மடலில் நான் குறிப்பிடப்போகும் எல்லோருக்கும் வணக்கம்.

புரட்டாசியில் குறுவை நெல் வரத் தொடங்கியதும் நிலையத்தை மறுபடி திறப்பார்கள். நீங்கள் திரும்பி வந்து தார்ப்பாய்களை விரிக்கும்போதே அந்தச் சாம்பல் நிற வரிப் பூனை சிப்பத்தைத் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அவளைக் காணோமே என்று நீங்கள் கலங்கக் கூடாது. அவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். போட வேண்டிய ஊசிகள் எல்லாம் போட்டாயிற்று, உடம்பும் தேறிவிட்டது. இதை உங்களுக்குச் சொல்லவும், இதற்குக் காரணமானவர்களுக்கு ஊரறிய நன்றி கூறவும்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி உங்களுக்கு. கொள்முதல் நிலையத்துக்கு அடுத்த கட்டடத்தில் கூட்டுறவுச் சங்க எழுத்தராக இருப்பதால், நீங்கள் அவளுக்குச் செய்ததையெல்லாம் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். நாற்பது கிலோ நெல் மூட்டைகளான சிப்பங்களை அடுக்கி முடித்ததும் உச்சியில் ஏறிப் படுத்துக்கொள்வாள் என்று நீங்கள் வைத்த சிப்பம் என்ற பெயரையே நாங்களும் வைத்திருக்கிறோம். நாள் முழுக்க மூட்டை தூக்கிய தோள்வலியோடு சாப்பிட உட்கார்ந்தாலும் தூக்குச் சட்டியிலிருந்து அவளுக்கு ஒரு பிடி சோறும் ஒரு துண்டு கருவாடும் எடுத்து வைத்த பிறகே நீங்கள் கை நனைத்தீர்கள். பட்டியல் எழுத்தர் அவர்களுக்குத் தனியே ஒரு நன்றி. பெருச்சாளித் தொல்லைக்கு எலி மருந்து வைக்கலாம் என்று பேச்சு வந்தபோது, மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனையும் சாகும் என்று சொல்லித் தடுத்தவர் அவர். அன்று அவர் பேசாமல் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

பங்குனியில் கடைசி லாரியும் கிளம்பியது. நீங்கள் அவரவர் ஊருக்குப் போனீர்கள். நெல் போனதும் எலிகள் போயின, ஆட்கள் போனதும் சோறும் நின்றது, அவள் மட்டும் காலிக் களத்திலேயே இருந்தாள். டெல்டாவில் பருவத்துக்கு மட்டும் திறக்கிற நிலையங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவை ஒவ்வொன்றிலும் இப்படி ஓர் உயிராவது காத்துக் கிடக்கும். குட்டிப் பூனை என்றால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வளர்ந்த பூனையை யாரும் கேட்பதில்லை. "வளர்ந்தது வீடு தங்காது, பிறந்த இடத்துக்கே ஓடிவிடும்" என்று என்னிடமே பலர் சொன்னார்கள். நான் கண்டது வேறு. வளர்ந்த பூனையின் குணம் முன்பே தெரிந்துவிடுகிறது. யாரிடம் வருவாள், எதற்கு மிரளுவாள், எதைத் தின்பாள் என்பதையெல்லாம் ஒரு பருவம் முழுக்கப் பார்த்த பிறகே அவளை அழைத்து வந்தோம். குட்டி எப்படி வளரும் என்பது யாருக்கும் தெரியாது. முதல் சில வாரங்கள் பின்கட்டு அறையை அவளுக்கே விட்டுவிட்டோம். மரக் கட்டிலின் அடியிலிருந்து அவளாக வெளியே வரும்வரை யாரும் கை நீட்டவில்லை. நாங்கள் செய்தது அவ்வளவே, மற்றதை அவளே செய்துகொண்டாள்.

அவளைப் பிடித்த கதையில் காவலர் ஐயாவின் பங்கு பெரியது. பூனையை எடுத்துப்போகும் கூண்டு எங்கள் பக்கத்தில் எளிதில் கிடைக்காது. காய்கறிக் கடையில் தக்காளி வரும் பிளாஸ்டிக் பெட்டிகள் இரண்டை வாய்க்கு வாய் வைத்து, ஒரு பக்கம் மட்டும் கயிற்றால் பிணைத்துக் கதவு போலத் திறந்து மூடும்படி செய்து கொடுத்தார் ஐயா. அதற்குள் கருவாடு வைத்து நாள்தோறும் திறந்தே விட்டார். அவள் பயமில்லாமல் உள்ளே போய்த் தின்னப் பழகிய பிறகுதான் மூடினார். மேலே பழைய வேட்டியைப் போர்த்தியதும் இருட்டில் அடங்கிவிட்டாள்.

மூடும்போது அவளது நகம் ஐயாவின் புறங்கையில் பட்டது. ரத்தம் வரவில்லை, மெல்லிய கீறல்தான். சுண்ணாம்பு தடவினால் போதும் என்றார் ஐயா. அந்த நேரம் பார்த்துச் சங்கத்துக்கு வந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் அவரை விடவில்லை. குழாயடியில் நிறுத்தி, ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வைத்தார். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த் தூள் எதுவும் வைக்கக் கூடாது என்றார். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது, அதற்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் தப்பிவிடலாம் என்று பொறுமையாக விளக்கினார். முதல் நாள், அடுத்து 3, 7, 28 ஆம் நாள்கள் என்ற கணக்கில் தோலில் போடும் ஊசியை ஐயா அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் போட்டு முடித்தார். 28 ஆம் நாளன்று அவருக்கு நினைவூட்ட அந்தச் செவிலியர் தாமாகவே தொலைபேசியில் அழைத்தார். அம்மா, உங்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அடுத்த நன்றி என் மாமியாருக்கு. பூனை வீட்டுக்குள் வரக் கூடாது என்று முதலில் உறுதியாக நின்றவர் அத்தைதான். சகுனத்துக்காக அவர் மறுக்கவில்லை. அவருடைய சிறு வயதில் அண்டை வீட்டுப் பையனை நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிக்குப் பயந்து அவன் பாதியில் ஓடிவிட்டான். பிறகு நடந்ததை அத்தை இன்றும் முழுதாகச் சொல்வதில்லை. அந்த வயிற்று ஊசிமருந்து ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரானது, குன்னூர் பாஸ்டியர் நிறுவனத்திலும் செய்தார்கள். 2004 ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டு, இப்போது கையில் போடும் ஊசிகள் சிலவே போதும் என்றாகிவிட்டது. இதை அத்தைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "முதலில் அதற்கு ஊசி போடு, அப்புறம் கூடத்துக்கு விடு" என்றார். அந்த ஒரு நிபந்தனையால்தான் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அவர் எதிர்த்திருக்காவிட்டால் நாளைக்குப் போடலாம், அடுத்த வாரம் போடலாம் என்று தள்ளிப்போயிருக்கும். அத்தை, நீங்கள் வேண்டாம் என்று சொன்னதற்கும் நன்றி, பிறகு சரி என்று சொன்னதற்கும் நன்றி.

கால்நடை மருந்தகத்தின் உதவி மருத்துவர் அம்மாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசு ஒரு பக்கம், கழிச்சல் கண்ட ஆடுகள் மறு பக்கம் என்று நிற்கிற காலை நேரத்திலும் தக்காளிப் பெட்டியைத் தரையில் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பல்லைப் பார்த்து மூன்று வயதுக்கு மேல் இருக்கும் என்றார். காதுக்குள் பூச்சி, உடம்பில் தெள்ளு, வயிற்றில் புழு. சினை இல்லை என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். அன்றே ஊசி போட்டுவிடுவார் என்று நினைத்துப் போயிருந்தோம். நலமாக இருக்கும் உடலில்தான் தடுப்பூசி சரியாக வேலை செய்யும் என்று சொல்லி, முதலில் குடற்புழு மருந்தும் காதுக்குச் சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்பினார். வீட்டில் பால் ஊற்றுகிறோம் என்றதும் தடுத்தார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் வரும் என்றார். நாய்க்கு உண்ணி நீங்கப் போடும் மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை பூனைக்கு நஞ்சு என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

பிறகு வந்த இரண்டு ஊசிகளையும் அவர் விளக்கியபடியே எழுதுகிறேன், வீட்டில் பூனை வைத்திருப்பவர்களுக்கு உதவும். ஒன்று வெறிநோய்க்கானது. அதை ஆண்டுதோறும் போட வேண்டும். மற்றது மூன்று நோய்களுக்கு ஒரே ஊசியாக வருவது. பான்லூக்கோபீனியா என்ற கொடிய வயிற்றுப்போக்கு நோயும், சளி, கண்ணில் நீர், வாய்ப்புண் என்று வாட்டும் ஹெர்ப்பிஸ், கலிசி ஆகிய வைரஸ் நோய்களும்தான் அந்த மூன்று. முன்பு ஊசி போட்டதா இல்லையா என்று தெரியாத வளர்ந்த பூனைக்கு இதை மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போடுகிறார்கள். ஊசி போட்ட அன்றே காப்பு வந்துவிடாது, அதுவரை வெளியே விட வேண்டாம், நடத்தையில் மாற்றம் கண்டால் தொடாமல் உடனே சொல்லுங்கள் என்று மருத்துவர் அம்மா அழுத்திச் சொன்னார். முன்பு ஒரு பூனை பான்லூக்கோபீனியாவில் செத்த வீடாக இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலால் தரையைக் கழுவ வேண்டும் என்றும் சொன்னார். அந்த வைரஸ் மாதக் கணக்கில் சாகாமல் கிடக்குமாம்.

மூன்று நோய்க்கான அந்த ஊசிமருந்து மாடு ஆடுகளுக்கான எங்கள் மருந்தகத்தில் இருப்பதில்லை, தஞ்சாவூரில்தான் வாங்க வேண்டும். அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வெயில் கொளுத்தும் சித்திரையில் பஸ் பயணம் வேறு. தஞ்சாவூர் மருந்துக் கடை அண்ணன் தெர்மாகோல் பெட்டியில் பனிக்கட்டிப் பைகளை அடுக்கி, மருந்துக் குப்பி நேரடியாகப் பனியைத் தொட்டு உறைந்துவிடாமல் செய்தித்தாளில் சுற்றி வைத்துக் கொடுத்தார். "எத்தனை மணிக்கு ஊர் போய்ச் சேருவீர்கள்" என்று கேட்டுக் கணக்குப் பார்த்த பிறகே பெட்டியை என் கையில் தந்தார். ஒரு தெருப் பூனையின் மருந்துக்கு இவ்வளவு அக்கறை காட்டியவரை நான் மறக்க மாட்டேன். எங்கள் டவுன் பஸ் நடத்துநரும் பெட்டி வெயிலில் படாத இருக்கையாகப் பார்த்து என்னை மாற்றி உட்காரச் சொன்னார்.

ஊசி போட்ட அன்று மாலை அவள் சோர்ந்து படுத்தாள், உடம்பு லேசாகச் சுட்டது. தெரு முனையில் இருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு, காய்ச்சல் மாத்திரையில் பாதியை நுணுக்கிக் கொடுங்கள் என்றார். அதற்கு முன்பே கால்நடைப் பராமரிப்பு உதவியாளர் ஐயா எங்களை எச்சரித்திருந்தார். நாம் சாப்பிடும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும், ஒரே மாத்திரைகூடப் போதும் என்று ஊசி போட்ட கையோடு சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்றிரண்டு நாளில் சோர்வு தானாகத் தீரும், முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ மட்டும் ஓடி வாருங்கள் என்றார். மறுநாள் மாலையே எழுந்து அலமாரி மேல் ஏறிவிட்டாள். இந்த ஓர் எச்சரிக்கையைப் பூனை இருக்கும் எல்லா வீடுகளிலும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கருத்தடை அறுவை வைகாசியில் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நடந்தது. அங்கே படிக்கும் மாணவிகள் அவளைப் போர்வையில் பொதிந்து வைத்துக்கொண்டு, மயக்கம் தெளியும்வரை மாறி மாறி அருகில் இருந்தார்கள். ஆட்டோ தம்பி, மேடு பள்ளத்தில் குலுங்காமல் போக வேண்டும் என்று ஊர்ந்து ஓட்டினாய், காத்திருந்த நேரத்துக்குக் காசும் வாங்க மறுத்துவிட்டாய். நீ நன்றாக இருக்க வேண்டும்.

அவளது அன்றாடத்தை நடத்திவைப்பவர்களும் உண்டு. முத்துப்பேட்டையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா மத்தித் தலைகளை இலையில் தனியாகக் கட்டி வைத்திருக்கிறார். அரிசி ஆலை முதலாளி வேண்டுமட்டும் உமியும் உமிச் சாம்பலும் அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவளது மலத்தட்டுக்கு அதைவிட நல்லது வேறில்லை, வாடையே இருப்பதில்லை.

வடுவூர் ஏரிப் பக்கம் வேலை பார்க்கும் வனத்துறை நண்பருக்கும் சொல்ல வேண்டும். ஏரி 2022 இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, ஐப்பசியிலிருந்து வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம். வீட்டுப் பூனையும் பறவைக்கு எதிரிதான் என்று அவர் வந்து சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ஜன்னல்களுக்கு வலை அடித்திருக்கிறோம். விடியலிலும் அந்தியிலும் கதவு திறப்பதில்லை.

சுமைதூக்கும் அண்ணன்களுக்கு இன்னும் ஒன்று. ஆலமரத்தடியில் திரிந்த காது கிழிந்த ஆண் பூனை இன்னும் நிலையத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. ஐயாவின் தக்காளிப் பெட்டியைச் சங்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்கள் வந்ததும் அதில் கருவாடு வைத்துப் பழக்கத் தொடங்குங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநோய் நாள், அதையொட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம்கள் நடத்துவது வழக்கம், தேதி தெரிந்ததும் சங்கத்துப் பலகையில் எழுதிப்போடுகிறேன். ஆட்டோ தம்பியிடமும் சொல்லிவிட்டேன். சிப்பத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வேலை முடிந்து எந்த மாலையிலும் வாருங்கள். அத்தை காபி போட்டுக் கொடுப்பதாகச் சொல்லச் சொன்னார்.

நன்றியுடன்,
கூட்டுறவுச் சங்க எழுத்தர்