வத்தளைக்கு ஒரு மூட்டை மண்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள், அதனால்தான் கடிதம். பொங்கலுக்கு நீங்கள் வரவில்லை, மாரியம்மன் திருவிழாவுக்கும் வரவில்லை. சரி, வேலை இருக்கும்.

முதலில் நீ கேட்டதைச் சொல்கிறேன். முளைக்கீரை விதைத்து மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம். கங்குன் கீரைத் தண்டு ஊன்றினாலும் ஏறக்குறைய அதே கணக்குதான், நுனியை வெட்ட வெட்டத் தளிர்க்கும். பசளிக் கீரைக்கு இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும். சின்ன வயதில் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிற பிள்ளை நீ. அன்றைக்குப் போனில் "எத்தனை நாளில் பறிக்கலாம்" என்று இரண்டு தடவை கேட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு வாரமாக நீயும் போன் எடுக்கவில்லை.

உங்கள் வத்தளைப் பக்கத்து மண் கடலோர மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, போடுகிற உரமும் அதோடு இறங்கிவிடும். வீடு கட்டிய இடத்து மண்ணை அள்ளி நிரப்பிவிடாதே. அதில் சீமெந்தும் சாந்தும் கலந்திருக்கும், இலை மஞ்சள் அடித்துவிடும். ஒரு கூடை மேல்மண்ணுக்கு ஒரு கூடை கொம்போஸ்ட், அரைக் கூடை தேங்காய்த் தும்புத்தூள். தும்புத்தூளை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து போடு, உப்பு இருக்கும். கோழி எருவைப் பச்சையாகப் போடாதே, வேர் கருகிவிடும். கலந்ததைக் கையில் பிடித்துப் பார். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். செடி வளர்க்கிற பையின் அடியில் துளை போடு. கோவாவும் கரட்டும் அந்தச் சூட்டுக்குச் சரிவராது. வெண்டி, கத்தரி, மிளகாய் போடு. துளை போட மறக்காதே.

நம் ஏழு பேர்ச் தோட்டத்தை நீ இப்போது பார்க்க வேண்டும். லீக்ஸ் இரண்டு பாத்தி, போஞ்சி கொடி வேலி உயரத்துக்கு. தேயிலை பிடுங்கிய மண்ணில் ஒன்றும் வராது என்றார்கள். தேயிலைக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும், pH அளந்தால் 4.5இலிருந்து 5.5 வரை, எண் குறைந்தால் புளிப்பு அதிகம். மரக்கறிக்கு 6, 6.5 வேண்டும். இங்கே பெய்கிற மழை சுண்ணாம்புச் சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போகிறது. முதல் வருடம் போட்ட கோவாவைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கட்டி கட்டியாக வீங்கிக் கிடந்தது. பிறகு மண்ணை எடுத்துப் போய்ப் பரிசோதித்து, சொன்ன அளவுக்கு டொலமைட் சுண்ணாம்புத் தூள் போட்டு, மூன்று வாரம் விட்டுத்தான் நட்டேன். 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை நிறுத்தி எல்லோரும் தவித்தபோதும், சாணியும் குழையும் மக்கவைத்துச் சமாளித்தேன். உன் தம்பியிடம் கேட்டுப் பார்.

இப்போது பரிசோதிக்கிறேன். முன்பு ஆற்றோரத் துண்டில் உருளைக்கிழங்கு போட்ட வருடம் அதைச் செய்யவில்லை.

அந்த வருடத்தை நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நானும் பேசியதில்லை. கிழங்கெல்லாம் சொறி விழுந்து, யாவாரி மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அன்றைக்கு இஸ்தோப்புத் திண்ணையில், அத்தை, சித்தப்பா எல்லோரும் நிற்கும்போது, "இவள்தான் டொலமைட்டை வாரி இறைத்தாள்" என்று சொன்னேன். உனக்குப் பதினாறு வயது. நான் சொன்ன அளவைத்தான் நீ போட்டாய் மகள். ஒரு மூட்டைகூட அதிகம் இல்லை. உருளைக்கிழங்கு புளிப்பு மண்ணைத் தாங்கும், சுண்ணாம்பு கூடினால்தான் சொறி பிடிக்கும், மண்ணைப் பார்க்காமல் போடாதே என்று விவசாயப் போதனாசிரியர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். பக்கத்துத் துண்டில் கோவாவுக்குப் போட்டதைப் பார்த்து நானும் போட்டேன். எல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது, பழியை உன்மேல் போட்டேன். கடன் ஏறியது, உன் உயர்தர ஏ/எல் படிப்பு நின்றது, நீ கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனாய். அந்தச் சொறிக் கிழங்கை மூன்று மாதம் சமைத்தோம். நீ ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து தோல் சீவிக்கொண்டிருந்தாய்.

இப்போது நீ போன் எடுக்காதபோதெல்லாம் அந்த முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது. அங்கே ஏதாவது கஷ்டம் வந்து, சொன்னால் உன் தலையில்தான் விழும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாயோ என்று நினைக்கிறேன். அப்படி இருக்க உனக்கு நான்தான் பழக்கினேன். மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் வேலை எப்படிப் போகிறது என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் மகள், மரக்கறி வாங்கக் காசு இல்லாத வீட்டில்தான் கீரை எத்தனை நாள் என்று கேட்பார்கள். தோட்டத்து லய வரிசை வீட்டில் நாங்களும் அப்படித்தான் கேட்டோம்.

தம்பிக்குத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற வேலை கிடைத்திருக்கிறது. மற்றதை அம்மா சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் பேலியகொடைச் சந்தைக்கு மரக்கறி லொறியில் வருகிறான். அங்கிருந்து உன் வீட்டு வாசலில் ஒரு மூட்டை இறக்குவான். நான் கலந்து சலித்த மண், இரண்டு பைக்குக் காணும். அது தீர்வதற்குள் மேலே சொன்ன மாதிரி நீ கலந்து வைத்துக்கொள். கீரை விதை, வெண்டி விதை தனித்தனித் தாளில் இருக்கிறது. கீரை விதையை ஆழமாகப் புதைக்காதே, மேலே தூவி மண்ணை மெல்லத் தூவினால் போதும். முதல் பத்து நாள் கையால் தண்ணீர் தெளி, குவளையால் ஊற்றாதே.

மூட்டையை மாடிக்குக் கொண்டுபோய் நீயே கொட்டு, வேறு யாரிடமும் கொடுக்காதே. அடியில் பொலித்தீனில் சுற்றி ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். லீக்ஸ் விற்ற காசு. அம்மாவுக்குத் தெரியாது.

உன் அப்பா