அமெரிக்க ஆயுதச் சட்டத்தில் எதைக் காப்பியடிக்கலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஆயுத ஏற்றுமதிக் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க அதிபர் நட்பு நாட்டுக்கு ஏவுகணை விற்பதென்றாலும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸிடம் சொல்லிவிட்டுத்தான் விற்க வேண்டும், காங்கிரஸ் நினைத்தால் அதைத் தடுத்துவிடலாம், நம் நாடாளுமன்றத்துக்கும் அந்த அதிகாரம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்பது சரி. தடுத்துவிடலாம் என்பதில்தான் எனக்குத் தகராறு. அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, நடந்ததில்லை. இந்த அதிகாரத்தைச் சொல்லும் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது 1976இல். இத்தனை ஆண்டுகளில் நிராகரிப்புத் தீர்மானம் போட்டு ஒரே ஒரு விற்பனையைக்கூட காங்கிரஸ் நிறுத்தியது கிடையாது.

ஏன் என்று கட்டுரையாளர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதில் ஒரு விசித்திரமான கதை இருக்கிறது. ஆரம்பத்தில் இந்தச் சட்டத்துக்குப் பல் இருந்தது. காங்கிரஸின் இரு அவைகளான பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சாதாரணப் பெரும்பான்மையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டால் போதும், அதிபரின் கையெழுத்தே தேவையில்லை, விற்பனை நின்றுவிடும். 1981இல் அதிபர் ரீகன் சவூதி அரேபியாவுக்கு அவாக்ஸ் கண்காணிப்பு விமானங்களையும் சைட்வைண்டர் ஏவுகணைகளையும் விற்கக் கிளம்பியபோது, பிரதிநிதிகள் சபை 301க்கு 111 என்ற கணக்கில் எதிர்த்தது. செனட்டில் 52க்கு 48 என்று தப்பித்தார். மூன்று ஓட்டு மாறியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதனால் பல செனட்டர்களை அதிபரே கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது.

இரண்டே ஆண்டுகளில் அந்தப் பல் விழுந்தது. விழவைத்தது ஆயுதத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினர் ஜக்தீஷ் ராய் சாதா. மாணவர் விசாவில் அமெரிக்கா போனவர், விசா முடிந்த பிறகும் அங்கேயே தங்கியதால் நாடுகடத்தும் நடவடிக்கையைச் சந்தித்தார். குடியேற்ற நீதிபதி அதை நிறுத்திவைத்தார். பிரதிநிதிகள் சபை தனியாக ஒரு தீர்மானம் போட்டு அந்த உத்தரவை ரத்து செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1983 ஜூனில் தீர்ப்பு: அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பாமல் காங்கிரஸ் போடும் இந்த மாதிரித் தீர்மானங்கள் அரசியல் சாசனத்துக்கு விரோதம். சாதா அமெரிக்காவில் தங்கிவிட்டார். ஏவுகணை விற்பனையைத் தடுக்கும் அதிகாரமும் அதே தீர்ப்பில் அடிபட்டுப் போயிற்று.

1986 தொடக்கத்தில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. இனி நிராகரிப்புத் தீர்மானம் அதிபரின் மேசைக்குப் போக வேண்டும். விற்கப் போகிறவரே அவர்தானே, கையெழுத்துப் போடுவாரா? வீட்டோ செய்வார், அதாவது ஏற்காமல் திருப்பி அனுப்புவார். அதை முறியடிக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஆக, முன்பு பாதிக்கு மேல் ஒருவர் இருந்தால் தடுத்திருக்கலாம். இப்போது அதிபருக்கு 100 பேர் கொண்ட செனட்டில் 34 பேர் இருந்தால் போதும், எதையும் விற்கலாம்.

மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். திருத்தம் வந்த அதே ஆண்டில் அது அப்படியே நடந்தது. சவூதிக்கு 35.4 கோடி டாலருக்கு ஸ்டிங்கர், சைட்வைண்டர், ஹார்பூன் ஏவுகணைகள். மே மாதம் செனட் 73க்கு 22 என்றும், பிரதிநிதிகள் சபை 356க்கு 62 என்றும் எதிர்த்து ஓட்டுப் போட்டன. இதைவிடத் தெளிவாக ஒரு நாடாளுமன்றம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரீகன் வீட்டோ செய்தார். ஜூன் 5ஆம் தேதி செனட்டில் வீட்டோவை எதிர்த்து விழுந்தவை 66, ஆதரித்தவை 34. முறியடிக்க 67 வேண்டும், ஒரே ஓட்டில் அதிபர் ஜெயித்தார். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த ஒரு ஓட்டைப் பிடிக்க அவர் ஸ்டிங்கர்களைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. தோளில் வைத்துச் சுடும் அந்த ஏவுகணை தீவிரவாதிகள் கையில் சிக்கினால் பயணிகள் விமானத்துக்கே ஆபத்து என்பதுதான் உறுப்பினர்களின் பெரிய பயம். பட்டியல் 26.5 கோடி டாலராகக் குறைந்தது. காங்கிரஸ் தோற்றது, ஆனால் வெறுங்கையோடு தோற்கவில்லை.

2019 இன்னும் மோசம். ஏமனில் சவூதி கூட்டணியின் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த காலம். 2018 ஆகஸ்டில் தஹ்யான் என்ற ஊரில் பள்ளிச் சிறுவர்கள் போன பேருந்து தாக்கப்பட்டு 40 குழந்தைகள் இறந்தார்கள். விழுந்தது அமெரிக்கத் தயாரிப்புக் குண்டு என்று செய்தி வந்தது. துல்லியக் குண்டுகளின் அடுத்த விற்பனைக்கு செனட் வெளியுறவுக் குழுவின் மூத்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் பாப் மெனண்டெஸ் ஒப்புதல் தராமல் நிறுத்திவைத்திருந்தார். ட்ரம்ப் அரசு என்ன செய்தது? 2019 மே மாதம் அவசரநிலை என்று அறிவித்து, சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், ஜோர்டான் ஆகியவற்றுக்கான 22 விற்பனைகளை, மொத்தம் 810 கோடி டாலர், அறிவிப்புக்குப் பிறகு காங்கிரஸ் ஆராயக் கிடைக்கும் ஆய்வுக் காலமே இல்லாமல் தள்ளிவிட்டது. சட்டத்தில் அந்த ஓட்டை இருக்கிறது. இரு அவைகளும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின, அதிபர் வீட்டோ செய்தார், முறியடிக்க ஓட்டுப் போதவில்லை. இதைப் பற்றி 2020 ஆகஸ்டில் வந்த வெளியுறவுத் துறைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கையைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. அவசரநிலை அறிவித்தது சட்டப்படி சரிதான், ஆனால் பொதுமக்கள் சாவதைக் குறைக்க என்ன செய்யலாம் என்று முழுமையாக ஆராயவில்லை என்றது அறிக்கை.

அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு விற்பனை குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால்தான் காங்கிரஸுக்குச் சொல்ல வேண்டும். அறிக்கை வந்தபோது அந்த வரம்பு, முக்கியப் போர்க் கருவி என்றால் 1.4 கோடி டாலர். நேட்டோ நாடுகள், ஜப்பான், ஆஸ்திரேலியா, தென் கொரியா, இஸ்ரேல், நியூசிலாந்து என்றால் 2.5 கோடி. 2017 ஜனவரியிலிருந்து அந்த வரம்புக்குக் கீழேயே சவூதிக்கும் அமீரகத்துக்கும் 4,221 ஒப்புதல்கள் தரப்பட்டிருந்தன, மதிப்பு ஏறத்தாழ 1,120 கோடி டாலர். காங்கிரஸின் கண்முன் சண்டை நடந்த 810 கோடியைவிட, கண்ணில் படாமல் போனது அதிகம்!

அப்படியானால் அந்தச் சட்டத்தால் பிரயோஜனமே இல்லையா என்றால், இருக்கிறது. அது வாக்கெடுப்பில் இல்லை, அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. முறைப்படி அறிவிப்பதற்கு முன்பே, இரு அவைகளின் வெளியுறவுக் குழுக்களுக்கும் அரசு விவரத்தைக் கொடுத்துக் கருத்துக் கேட்பது வழக்கம். தலைவர்கள் இருவர், எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர்கள் இருவர், ஆக நான்கு பேர். இவர்களில் ஒருவர் தலையாட்டவில்லை என்றாலும் அரசு பொதுவாகக் காத்திருக்கும். நமக்கே இது நடந்தது. 31 எம்க்யூ-9பி ட்ரோன்களையும் 170 ஹெல்ஃபயர் ஏவுகணைகளையும் இந்தியாவுக்கு விற்கும் திட்டம் செனட் குழுத் தலைவர் பென் கார்டினிடம் மாதக்கணக்கில் நின்றது. அமெரிக்க மண்ணில் சீக்கியப் பிரிவினைவாதி ஒருவரைக் கொல்லச் சதி நடந்ததாக எழுந்த குற்றச்சாட்டில் இந்தியா ஒழுங்காக விசாரிக்குமா என்று கேட்டு, பைடன் அரசிடம் உறுதி வாங்கிய பிறகுதான் விட்டார். 2024 பிப்ரவரி 1 அன்று அறிவிப்பு வந்தது. கடற்படை ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்து, நம் அரக்கோணத்து ராஜாளி தளத்திலிருந்து பறக்கவிட்டது இதே வகை ட்ரோன்களைத்தான்.

ஆனால் இது வெறும் வழக்கம், சட்டம் இல்லை. 2025 பிப்ரவரியில் இஸ்ரேலுக்கு 3,000 ஹெல்ஃபயர்கள், 66 கோடி டாலர். பிரதிநிதிகள் சபைக் குழுவின் மூத்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் கிரெகரி மீக்ஸ் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அரசு காத்திருக்காமல் முறைப்படி அறிவித்துவிட்டது. கேட்க ஆளில்லை. இஸ்ரேலுக்கு ஆய்வுக் காலமும் மற்ற பல நாடுகளைப் போல 30 நாள் இல்லை, 15 நாள்தான்.

சரி, நமக்கு இதில் என்ன? நாமும் இப்போது ஏவுகணை விற்கிற நாடு. 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸுடன் சுமார் 37.5 கோடி டாலருக்கு பிரம்மோஸ் ஒப்பந்தம், 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. நான் அந்த விற்பனைக்கு எதிரி இல்லை. தென் சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் படும் பாட்டைப் பார்த்தால் அவர்களுக்கு அது தேவைதான். ஆனால் அப்படி ஒரு விற்பனையை முன்கூட்டியே நாடாளுமன்றத்தில் வைத்தாக வேண்டும் என்று நம்மிடம் சட்டம் கிடையாது. அனுமதி கொடுப்பது, மறுப்பது எல்லாம் அரசுத் துறைகளுக்குள்ளேயே முடிந்துவிடும். இஸ்ரேலுக்கு ஆயுதம் போவதை நிறுத்தக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் நம் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது, வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று. நீதிமன்றம் கேட்காது, நாடாளுமன்றத்தைக் கேட்கவேண்டிய கட்டாயம் இல்லை. அப்புறம் யார்தான் கேட்பது?

கட்டுரையாளர் கேட்கும் தடுக்கும் அதிகாரம் நம் ஊரில் அர்த்தமில்லாதது என்பது என் கருத்து. மக்களவையில் பெரும்பான்மை உள்ள கட்சிதான் அரசை நடத்துகிறது. தன் அரசின் விற்பனையைத் தானே எதிர்த்து ஓட்டுப் போடுமா? கட்சித் தாவல் தடைச் சட்டம் வேறு இருக்கிறது. வாக்கெடுப்பைக் கொண்டுவந்தால் அதிகபட்சம் ஒரு நாள் கூச்சல் நடக்கும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அறிவிப்பை. எந்த நாட்டுக்கு, என்ன ஏவுகணை, எத்தனை, என்ன விலை, தயாரிப்பது யார் என்பதை அமெரிக்க அரசு, தன் வழியாக நடக்கும் பெரிய விற்பனைகளுக்கு ஒப்பந்தம் ஆகும் முன்பே இணையத்தில் போடுகிறது. நமக்கு வரப்போகும் ஹெல்ஃபயர்களின் எண்ணிக்கை 170 என்பதே நமக்கு அங்கிருந்துதான் தெரிந்தது. அதனால் அமெரிக்காவின் ராணுவ ரகசியம் எதுவும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. இங்கே பாதுகாப்புத் துறைக்கான நிலைக்குழு 1993 முதல் இருக்கிறது, பல கட்சியினரும் அதில் இருக்கிறார்கள். ஏவுகணை, ட்ரோன், பீரங்கிக் குண்டு ஏற்றுமதி ஒவ்வொன்றையும் கையெழுத்துக்கு 30 நாள் முன்பு அந்தக் குழுவுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று விதி செய்யலாம். தொகை வரம்பு வைக்கக் கூடாது. வைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த 4,221 காட்டிவிட்டது. அவசரம் என்று காரணம் சொன்னால் அந்தக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், பின்னர் தணிக்கை அதிகாரி அதைப் பார்க்க வேண்டும்.

நிலைக்குழுவில் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் யாரேனும் இருந்தால், அவர்களிடம் இதைக் கேட்டு அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி