நகைக்கடை எண்ணைப் பாடுகிறீர்கள், இந்த எண்ணை ஏன் முணுமுணுக்கிறீர்கள்?

சென்னைப் பண்பலை வானொலி நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் தொகுப்பாளர்களுக்கும்,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஏழு மெஷின்களைப் போட்டு நைட்டியும் பாவாடையும் தைத்துக் கொடுக்கிறேன். காலை ஒன்பதரைக்குப் பூட்டைத் திறந்தால் முதலில் சாமி படத்துக்கு விளக்கு, அடுத்தது ரேடியோ. இரவு எட்டு மணிக்கு அதை அணைக்கிறவரை உங்கள் குரல்தான் எங்களுக்குத் துணை. தையற்காரிக்குக் கையும் கண்ணும் ஓய்வதில்லை, காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதைப் பல வருடங்களாக உங்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்ற முறை அந்த நாளில், நாங்கள் வழக்கமாகக் கேட்கும் நிலையத்தில் சிறப்பு நிகழ்ச்சி உண்டு என்று இரண்டு நாள் முன்பிருந்தே அறிவித்துக்கொண்டிருந்தார்கள். நான் அதற்காகக் காத்திருந்தேன்.

காரணம், எங்களிடம் காஜா எடுக்கிற பெண். ஆடி மாதம் தம்பியைப் பறிகொடுத்தவள். லாரியில் லோடு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பையன், இருபத்து நான்கு வயது. எப்படிப் போனான், எங்கே போனான் என்று இங்கே எழுதப்போவதில்லை. ஏன் எழுதவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவள் யாருடனும் பேசுவதில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மாலையில் பையில் போட்டுக்கொண்டு போவாள். ஒருநாள் பாபின் மாற்றிக்கொண்டிருந்தவள், தலையை நிமிர்த்தாமல், "அக்கா, எனக்கும் போய்விடலாம் போல இருக்கிறது" என்றாள். பாலுக்குப் பாக்கி வைத்திருக்கிறேன் என்று சொல்கிற குரலில் சொன்னாள். "சீ, அப்படியெல்லாம் பேசாதே" என்று அதட்டிவிட்டு நான் என் மெஷினுக்குத் திரும்பினேன். அதட்டக்கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அன்று எனக்குத் தெரியாது.

அந்தச் செப்டம்பர் 10 அன்று பகல் முழுக்கப் பாட்டும் போட்டியுமாகப் போனது. ஏழரை மணிக்கு மேல்தான் நிகழ்ச்சி வந்தது. மனநல மருத்துவர் ஒருவர் நன்றாகவே பேசினார். உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று தொகுப்பாளர் கேட்டார். நான் சாக்கட்டியை எடுத்து, மடியில் கிடந்த பாவாடைத் துணியிலேயே எழுதத் தயாரானேன். எண் வந்தது. ஆங்கிலத்தில், பின்னணி இசைக்கு நடுவில், ரயிலுக்கு நேரமாகிவிட்டவர் சொல்வதுபோல ஒரே மூச்சில். எங்கள் ஓவர்லாக் மெஷின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்துவதற்குள் விளம்பரம் தொடங்கிவிட்டது. துணியில் ஒன்று, நான்கு, நான்கு என்று மூன்று இலக்கங்கள் இருந்தன. அதற்குமேல் இழுபட்ட ஒரு கோடு. காஜா எடுக்கும் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்காக எழுதினேன் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. "விடுங்கள் அக்கா" என்றாள்.

வந்த விளம்பரம் ஒரு நகைக்கடையுடையது. அதன் தொலைபேசி எண் பத்து இலக்கம். அதை மெட்டுப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, மூன்று தடவை பாடினார்கள். என் தங்கை மகன் யூகேஜி படிக்கிறான், இரண்டாம் வாய்ப்பாடு தடுமாறும், அந்த எண் தடுமாறாது. ஆக, ஓர் எண்ணை மனிதர் மண்டையில் எப்படி உட்காரவைப்பது என்று உங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் கீழ்வீட்டுக் கல்லூரிப் பெண் கைப்பேசியில் தேடிக் கொடுத்தாள். டெலி மானஸ், 14416. ஐந்தே இலக்கம். 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுக்க இயங்குகிற அரசின் மனநல உதவிச் சேவை. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். காஜா எடுக்கும் பெண்ணை மாடிப்படியில் உட்காரவைத்து நானே எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். முக்கால் மணி நேரம் பேசினாள். இப்போது அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறாள். முழுக்கத் தேறிவிட்டாள் என்று சொல்லமாட்டேன். சில நாள் டப்பா திறக்கிறது, சில நாள் திறப்பதில்லை. அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. 14416 என்ற எண்ணைத் தமிழில், மெதுவாக, இரண்டு தடவை, பகலில் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் அல்ல, தினமும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே நிலையத்தின் காலை நிகழ்ச்சியில், சில வாரங்கள் கழித்து, ஒரு மாணவரின் சாவைப் பற்றிப் பேசினார்கள். தனியார் பண்பலைக்குச் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை என்பது எனக்கும் தெரியும். செய்தியாக வாசிக்கவில்லை, அரட்டையாகப் பேசினார்கள். எந்த இடம், என்ன செய்துகொண்டார், எல்லாம் விவரமாக வந்தது. மதிப்பெண் குறைந்ததுதான் காரணம் என்று தீர்ப்பும் வந்தது. பிறகு ஒரு சோகப் பாட்டு. "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், கூப்பிட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு அழைப்பு. எங்கள் அறையில் ஒரு மெஷின் நின்றது. எந்த மெஷின் என்று திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. நான் எழுந்து போய் ரேடியோவை அணைத்தேன்.

வழியைச் சொல்லாதே, இடத்தைச் சொல்லாதே, ஒரே காரணத்தில் முடிச்சுப் போடாதே, உதவி எண்ணைச் சொல் என்று உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு எழுதிவைத்திருக்கிறது. 2019இல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலும் அதை ஒட்டி நெறிமுறை வகுத்தது. அது பத்திரிகைக்குத்தானே, எங்களுக்கு இல்லையே என்பீர்கள். அகில இந்திய வானொலியின் நிகழ்ச்சி விதிகளைப் பின்பற்றுவோம் என்று உரிமம் வாங்கும்போது ஒப்புக்கொண்டவர்கள் நீங்கள். அதையும் விடுங்கள். ஒருவர் எப்படிச் செத்தார் என்பதை, ஏற்கெனவே அதையே நினைத்துக்கொண்டிருக்கிறவர் காதில் போய் ஓதுவது சரியா என்பதற்கு விதிப்புத்தகம் எதற்கு?

கீழ்ப்பாக்கத்தை வைத்து நீங்கள் அடிக்கும் நகைச்சுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாரையோ தொலைபேசியில் கூப்பிட்டு ஏமாற்றிச் சிரிக்கிற நிகழ்ச்சியில் வாரத்துக்கு மூன்று முறையாவது யாரையாவது கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிவிடுகிறீர்கள். அங்கே இருப்பது 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை. நானும் ஒரு காலத்தில் அந்த நகைச்சுவைக்குச் சிரித்தவள்தான். "மருத்துவரைப் போய்ப் பார்க்கலாமா" என்று இவளிடம் மெல்லக் கேட்டபோது, "கீழ்ப்பாக்கமா அக்கா? எனக்கு என்ன பைத்தியமா?" என்று அவள் சுருங்கினாளே, அதற்குப் பிறகு சிரிப்பு வருவதில்லை. அவளைச் சம்மதிக்கவைக்க எனக்குப் பத்து நாள் ஆனது.

உங்கள் நிகழ்ச்சிகளில் மனநலம் பேசவருகிறவர்கள் சொல்லும் யோசனைகளும் அருமை. விடுமுறை எடுத்து மலைப் பக்கம் போய்வர வேண்டுமாம். பிடித்த பொழுதுபோக்கை மீட்டெடுக்க வேண்டுமாம். நாங்கள் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். மலைக்குப் போனால் அந்த வாரம் அரிசி யார் தருவது என்பதையும் அந்த நிபுணர் சொல்லியிருக்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் நாட்டில் 1,70,924 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலிகள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். அந்தத் தினக்கூலிகள் காசிமேட்டிலும் கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் உங்கள் ரேடியோவைக் கேட்டுக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஆனால் வட சென்னை என்றால் உங்கள் தொகுப்பாளருக்கு உடனே தொண்டை கட்டிவிடுகிறது, ரவுடி குரல் வந்துவிடுகிறது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து, வலையும் படகும் கறுத்து, தொழில் இல்லாமல் கடனில் உட்கார்ந்திருந்தவர்களிடம் மைக்கை நீட்டி, தூக்கம் வருகிறதா என்று நீங்கள் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மன்னிக்க வேண்டும். மடல் எங்கேயோ போய்விட்டது. கேட்க வந்தது எண்ணைப் பற்றித்தான்.

அந்த எண்ணோடு ஒரு வரி சேர்த்துச் சொல்ல முடிந்தால் பெரிய உதவி. முயன்று பிழைத்தவர்களை எங்கள் பக்கத்தில் இன்னமும் ஒளித்துவைக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படிப்பட்டவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றுதான் முதலில் கருத வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது. சிகிச்சை தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் இல்லை. இது எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் சொன்னால் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நேரம் ஒதுக்க இடமில்லை என்று சொல்லாதீர்கள். இருபது விநாடி போதும், நான் கடிகாரம் வைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டேன். 14416. தமிழில், மெதுவாக, இரண்டு தடவை. தயவுசெய்து காலை பதினோரு மணிக்குச் சொல்லுங்கள். அப்போதுதான் இங்கே டீ வரும், ஏழு மெஷினும் நின்றிருக்கும்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து உங்கள் நேயர்