பழைய லேண்ட்ரோவரும் ஹைவே வேகமும்

ஆசிரியருக்கு வணக்கம்,

பழைய சீரீஸ் 3 லேண்ட்ரோவர் வச்சிருக்கிற நம்மாளுங்க சிங்கப்பூர் பிஐஇ விரைவுச்சாலையில 80 கிலோமீட்டர் தாண்டுனாலே எஞ்சின் கத்துதுன்னு உடனே எஞ்சினையே மாத்தணும்னு கிளம்பிடுறாங்க. எஞ்சின் பாவம், அது என்ன பண்ணும், சக்கரத்தச் சுத்த வைக்கிற அச்சு கியரான டிஃப்போட ரேஷியோ 4.7, அதாவது சக்கரம் ஒரு சுத்து சுத்த ஷாஃப்ட் 4.7 சுத்து சுத்தணும், காட்டுல ஏறுறதுக்குன்னு போட்ட கியர் அது. ரேஞ்ச்ரோவர் 3.54 டிஃப் போட்டா அதே வேகத்துல ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்கு சுத்துற சுத்து) கால்வாசி குறையும், ஆனா முன்னாடி பின்னாடி ரெண்டையும் மாத்தணும், மேட்டுல ஃபர்ஸ்ட் கியர்லயே திணறும், அதவிட ஒண்ணு, இதுல ஸ்பீடோமீட்டர் கேபிள் டிஃப்புக்கு முன்னாடியே இருக்குற டிரான்ஸ்ஃபர் பாக்ஸ்லேர்ந்து (முன்னாடி பின்னாடி ரெண்டு அச்சுக்கும் சக்தி பிரிக்கிற பெட்டி) வர்றதால முள்ளு 60 காட்டும்போது வண்டி நெசமா 80-ல போகும், கேமராகாரன் முள்ளையா பாப்பான்? என்னைக் கேட்டா ஓவர்டிரைவ், அதாவது எஞ்சின் சுத்தக் குறைக்கிற கூடுதல் கியர் பெட்டி, அதுதான் பெஸ்ட், வேணாம்னா ஆஃப் பண்ணிக்கலாம், முள்ளும் சரியா காட்டும், ஆயில மட்டும் அடிக்கடி பாக்கணும். எது போட்டாலும் முதல்ல எல்டிஏ-கிட்ட (நிலப் போக்குவரத்து ஆணையம்) கேட்டுக்குங்க. அப்புறம் நாலு வீல்லயும் பழைய டிரம் பிரேக், டிஸ்க் பிரேக் மாதிரி சட்டுன்னு நிக்காது, 110 போற மலேசியா ஹைவேயில அத நம்பி லாரிக்கு பின்னாடி ஒட்டாதீங்க.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்