மெனுவும் சேர்ந்து நடுங்குகிறதா?

தம்பி,

மானிட்டர் நடுங்குகிறது, அதனால் வீடியோவில் வர முடியவில்லை என்று எழுதியிருந்தாய். எப்படி நடுங்குகிறது என்று எழுதவில்லை. வெளிச்சம் கூடிக் குறைகிறதா, எழுத்துகள் பக்கவாட்டில் உதறுகின்றனவா, இல்லை ஓரிரு நொடி முழுக்க இருட்டாகிவிட்டுத் திரும்புகிறதா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று உனக்குத் தெரியாதா என்ன?

முதலில் ஒரே ஒரு வேலை செய். மானிட்டரிலேயே இருக்கும் பொத்தானை அழுத்தி, பிரைட்னஸ் மாற்றும் மெனுவைத் திறந்து வை. அந்த மெனு கம்ப்யூட்டரிலிருந்து வருவதில்லை, மானிட்டரே வரைந்து காட்டுவது. மெனுவும் சேர்ந்து நடுங்கினால் கோளாறு மானிட்டருக்குள்: பேக்லைட் எனும், திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு, அல்லது அதற்கு மின்சாரம் தரும் பலகை. மெனு அசையாமல் நிற்க, பின்னால் இருக்கும் படம் மட்டும் உதறினால் மானிட்டரைக் குறை சொல்ல வேண்டாம். கேபிள், அது செருகும் போர்ட், படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டு, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் என்று அந்தப் பக்கம் தேடு. திரை முழுவதும் இருட்டாகித் திரும்பும் வகை என்றால் இந்தச் சோதனை உதவாது. சிக்னல் அறுந்தால் பல மானிட்டர்களில் மெனுவும் கூடவே மறைந்துவிடும். அந்த வகைக்குக் கேபிளில்தான் தொடங்க வேண்டும்.

எதுவாக இருந்தாலும் பின்மூடியைத் திறக்காதே. இதைப் பிறகும் சொல்வேன்.

கேபிளைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், பாதி நடுக்கம் அதில்தான் இருக்கும். இரு முனையையும் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகு. டிஸ்ப்ளே போர்ட் என்றால் முனையில் ஒரு சின்னக் கொக்கி இருக்கும், அதன் பொத்தானை அமுக்கிக்கொண்டு இழு. வெறுமனே இழுத்தால் போர்ட்டே ஆடிப்போகும். நடுவில் கன்வெர்டர், டாக் எதுவும் இருந்தால் எடுத்துவிட்டு நேராக இணைத்துப் பார். 4கே படம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 தடவை புதுப்பித்து, ஓட நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும் எச்.டி.எம்.ஐ கேபிள் வேண்டும். பழைய கேபிள்கள் 10.2-க்குச் செய்தவை. படம் வரத்தான் செய்யும். ஆனால் அவ்வப்போது வெள்ளைப் புள்ளிகள் மின்னும், திடீரென்று திரை இருட்டாகும். வேறு கேபிள் கையில் இல்லையென்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவுக்குப் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 30-க்கு இறக்கிப் பார். நடுக்கம் நின்றுவிட்டால் கேபிளுக்கு அவ்வளவு சுமக்கத் தெம்பில்லை என்று அர்த்தம். புதிது வாங்கும்போது தேவைக்கு மேல் நீளம் வேண்டாம், 2 மீட்டர் போதும். கேபிளை மடிக்காமல் வளையமாகச் சுற்றி வைக்கும் பழக்கம் நம் வீட்டில் உனக்கு மட்டும்தான் வந்தது. அதனால் உள்ளே கம்பி முறிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பழைய நீல நிற வி.ஜி.ஏ முனையாக இருந்தால் அது அனலாக். எழுத்துகளின் ஓரம் உதறும். மெனுவில் ஆட்டோ அட்ஜஸ்ட் ஒருமுறை கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

நீ நாற்காலியிலிருந்து எழும்போதோ உட்காரும்போதோ திரை ஒரு நொடி இருட்டாகிறதா என்றும் கவனி. கேட்க விசித்திரமாக இருக்கும், உண்மைதான். உயரம் ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட் நாற்காலியில் ஸ்டாட்டிக் சேர்ந்து பாயும்போது ஒரு மின்காந்தத் துடிப்பு கிளம்பும். ஷீல்டிங், அதாவது வெளித் துடிப்பைத் தடுக்கும் உலோக உறை, சரியில்லாத வீடியோ கேபிள் அதைப் பிடித்துக்கொள்ளும், மானிட்டர் சிக்னலை இழந்துவிடும். நல்ல ஷீல்டிங் உள்ள கேபிள் போட்டு, இரு முனைக்கும் அருகில் ஃபெரைட் வளையம் மாட்டினால் குறையும். நாற்காலியை மாற்றவேண்டியதில்லை. ஆனால் அதிலிருந்து அவ்வப்போது எழுந்து நடப்பது நல்லது.

மென்பொருள் பக்கம் சோதனை சுலபம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திற. மற்றதெல்லாம் மினுங்கி டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாமல் இருந்தால் ஏதோ ஒரு அப்ளிகேஷன்தான் காரணம். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக எடு. டாஸ்க் மேனேஜரும் மினுங்கினால் டிஸ்ப்ளே டிரைவரைச் சந்தேகி. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் அழுத்தினால் டிரைவர் புதிதாகத் தொடங்கும், திரை ஒரு கணம் இருட்டாகி வரும், பயப்படாதே. அப்டேட்டுக்குப் பிறகு வந்த நடுக்கம் என்றால் டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் டிரைவர் கொடு, பழைய டிரைவர் திரும்பிவிடும். கேம் ஆடும்போது மட்டும் இருண்ட காட்சிகளில் வெளிச்சம் துடித்தால் ஃப்ரீசிங்க் அல்லது ஜிசிங்கை அணைத்துப் பார், கேமின் வேகத்துக்கு ஏற்ப ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் வசதி அது. வி.ஏ, ஓலெட் எனும் திரை வகைகளில் அந்தத் துடிப்பு அதிகம். காட்சிக்கு ஏற்ப வெளிச்சம் தானாக ஏறி இறங்கினால் மெனுவில் டைனமிக் கான்ட்ராஸ்ட்டை அணை.

எனக்கு அதிகம் கவலை தருவது இனிமேல் சொல்வதுதான், தம்பி. கண்ணுக்குத் தெரியாமலே மினுங்கும் வகை ஒன்று இருக்கிறது. பல மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கின் மின்சாரத்தைக் குறைப்பதில்லை. நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை விளக்கை அணைத்து அணைத்து எரிய விடுகின்றன. பிரைட்னஸை எவ்வளவு இறக்குகிறாயோ அவ்வளவு நேரம் விளக்கு அணைந்திருக்கும். கண் அதைப் பார்க்காது, ஆனால் சிலருக்குத் தலை வலிக்கும், கண் எரியும். அறையை இருட்டாக்கி, திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதற்கு முன்னால் ஒரு மெல்லிய பேனாவை விசிறிபோல் வேகமாக ஆட்டு. பேனா ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனிப் பேனாக்களாக விட்டுவிட்டுத் தெரிந்தால் உன் மானிட்டர் அந்த வகை. மெனுவில் பிரைட்னஸை நூறுக்கு ஏற்றித் திரும்ப ஆட்டிப் பார், பெரும்பாலும் ஒரே பட்டை ஆகிவிடும். அப்படியானால் மானிட்டரில் பிரைட்னஸை உயர வைத்து, கிராபிக்ஸ் டிரைவரின் கலர் செட்டிங்கில் குறைத்துக்கொள். அறையில் ஒரு விளக்கு எரியட்டும். உன் பதில்கள் வந்து சேரும் நேரத்தைப் பார்த்தால் இருட்டில் பிரைட்னஸை அடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிகிறது. விளக்கைப் போடு.

மெனுவும் நடுங்குகிறது என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுச் சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பார். அடாப்டர் வெளியே இருக்கும் மாடலானால் அதன் மேல் எழுதியிருக்கும் வோல்ட் மாறாமல், ஆம்பியர் அதே அளவோ அதிகமோ உள்ள, முனையும் துருவமும் பொருந்தும் வேறு அடாப்டர் போடு. போட்டவுடன் படபடத்து, சூடேறிய பிறகு அடங்குகிறது என்றால் பவர் போர்டில், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது. உச்சி உப்பியிருக்கும். மாற்றுகிறவர் அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்குவதாகப் போட வேண்டும். மாற்றுகிறவர் என்றுதான் சொல்கிறேன், நீ இல்லை. பின்மூடியைத் திறக்காதே. 230 வோல்ட் இணைப்பில் அங்கே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் இறங்காது. சித்தப்பாவின் வலது கையை நினைத்துக்கொள். உன் கை பழகிய கைதான், என்னைவிட நன்றாகச் சால்டர் வைப்பாய். தூக்கமில்லாத கைக்கு அது போதாது. திறக்காதே.

இன்னொன்று. மானிட்டர் எவ்வளவு நடுங்கினாலும் கேமராவில் போகும் படம் நடுங்காது. இரண்டும் தனித்தனி வழி. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரணம் கேட்கவில்லை. கேமராவை அணைத்து வைத்துக்கொண்டே பேசு, குரல் வந்தால் போதும்.

மெனு சோதனையை இன்றே செய். மெனு நடுங்கியதா இல்லையா என்பதை மட்டும் முதலில் சொல், மீதியை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். எழுதி அனுப்பாதே, கூப்பிட்டுச் சொல். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அம்மா