மகேந்திரனின் இரண்டு படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய படங்களில் பிடித்தவை எவை என்று யார் கேட்டாலும் இயக்குநர் மகேந்திரனில்தான் தொடங்குவேன். 'முள்ளும் மலரும்' (1978) படத்தில்தான் ரஜினியின் மிகச் சிறந்த நடிப்பு இருக்கிறது. கையை இழந்த பிறகும் அவர் ஏற்ற காளியின் திமிர் குறைவதில்லை!

ஆனால் மனதுக்கு இன்னும் நெருக்கமானது 'உதிரிப்பூக்கள்' (1979). புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைத் தழுவியது. சுந்தரவடிவேலுவாக வரும் விஜயன் குரலை உயர்த்தாமலே நம்மைப் பயமுறுத்திவிடுவார். அசோக்குமாரின் ஒளிப்பதிவு, இளையராஜாவின் பின்னணி இசை, அப்புறம் அந்த ஆற்றங்கரை முடிவு. தமிழில் இதற்கு இணையாக இன்னொரு முடிவை நான் பார்த்ததில்லை.

சிரிக்க வேண்டுமென்றால் 'காதலிக்க நேரமில்லை' (1964). நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் அந்தக் காட்சி ஒன்றே போதும்.

இந்தப் படங்களை நல்ல தரத்தில் புதுப்பித்துத் திரையரங்குகளில் மீண்டும் வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர், மதுரை