உன் நாலாம் வகுப்பை எனக்குக் கடன் கொடு

போளூர்

அன்புள்ள தேன்மொழி,

இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். சின்னவள் காதுகுத்துக்கு வராததற்கு நீ திட்டப்போவதை நேரில் வந்து மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். அன்றைக்கு எனக்குப் பரீட்சை. சிரிக்காதே. முழங்கால் இடிக்கிற பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். பக்கத்தில் இருந்த பையன் "ஆன்ட்டி, எக்ஸ்ட்ரா பேனா இருக்கா?" என்றான். கொடுத்தேன். திருப்பித் தரவில்லை.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வியியல் சேர்ந்திருக்கிறேன். சரோஜாவிடம் சொல்லாதே, ட்ரெய்னிங் பேட்ச் முழுக்கத் தெரிந்துவிடும். எம்.எட். ஏன் படிக்கவில்லை என்று கேட்பாய். 2015க்குப் பிறகு அது இரண்டு வருஷம், தினமும் கல்லூரிக்குப் போக வேண்டும். சம்பளமில்லாமல் லீவு போட்டால் வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது? உன் அடுத்த கேள்வியும் தெரியும்: இன்சென்டிவ் உண்டா? எங்கள் ஹெச்.எம். முதல் சத்துணவு அக்கா வரை கேட்டாயிற்று. பழைய ஊக்க ஊதிய உயர்வுதான் 2020 மார்ச் அரசாணையோடு போய்விட்டதே. "அப்புறம் எதுக்கு டீச்சர் கண்ணைக் கெடுத்துக்கறீங்க?" என்றார் அக்கா. நியாயமான கேள்விதான்.

பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, அகராதியை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு அசைன்மென்ட் எழுதுகிறேன். இவர் டி.வி. சத்தத்தைக் குறைக்கிறார், அவரால் முடிந்த உதவி அது. பகலில் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகை பதிந்து, பயிற்சி நூல் திருத்தி, ராத்திரியில் உளவியலாளர் வைகாட்ஸ்கி என்று ஓடுகிறது. பரவாயில்லை, பிடித்திருக்கிறது.

போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். என் வகுப்பில் மாரிமுத்து என்று ஒரு பையன். அவன் அம்மா பஸ் ஸ்டாண்டில் பூக்கடை வைத்திருக்கிறார். 52-இல் 38 போனால் எவ்வளவு என்று போர்டில் போட்டேன். 26 என்று எழுதினான். அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னால், மறுபடியும் 26. எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "பெருசுல இருந்துதானே டீச்சர் சின்னதைக் கழிக்கணும்? எட்டுல ரெண்டு போனா ஆறு. அஞ்சுல மூணு போனா ரெண்டு." ஒன்றாம் வகுப்பில் நாம் எல்லோரும் சொல்லிக் கொடுக்கிற விதி. பையன் அதை அச்சுப் பிசகாமல் கடைப்பிடிக்கிறான்! அடுத்து 50-இல் 38 கொடுத்தேன். 28 என்றான். நோட்டை மூடச் சொல்லிவிட்டு, "உங்க கடையில 38 ரூபாய்க்குப் பூ வாங்கி அம்பது ரூபாய் கொடுத்தா பாக்கி எவ்வளவு தருவே?" என்று கேட்டேன். "பன்னெண்டு." கண்ணைக்கூட சிமிட்டவில்லை.

இதைப் பற்றித் தேடிப் படித்தால், ஊர்ப்பட்ட ஆட்கள் ஏற்கெனவே உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். 1978-இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் இந்த மாதிரிக் கழித்தல் பிழைகளை வகை வகையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். புரோகிராமில் வரும் பிழையைக் கம்ப்யூட்டர்காரர்கள் 'பக்' என்பார்களே, அந்தப் பெயரில். 305-இல் 128-ஐக் கழித்து 277 என்று எழுதும் பிள்ளை உன் வகுப்பிலும் இருக்கும். நடுவில் இருக்கும் பூஜ்யத்தை ஒன்பதாக்கிவிட்டு, நூறில் கை வைக்க மறந்துவிடும். நாம் கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவோம். அதற்குள் ஒரு கணக்கு முறையே இருக்கிறது.

இதையே ஆய்வேட்டுக்கு எடுக்கலாம் என்று வழிகாட்டி ஐயாவிடம் போனேன். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அவருக்குச் சோதனைக் குழு வேண்டும், கட்டுப்பாட்டுக் குழு வேண்டும், முன் தேர்வு, பின் தேர்வு, கடைசியில் இரண்டு குழு மதிப்பெண்களையும் ஒப்பிட டி-டெஸ்ட். என் பள்ளியில் ஒரே பிரிவுதான் என்றேன். "வருகை எண்ணை வெச்சுப் பிரிங்கம்மா. ஒற்றைப்படைக்குக் குச்சிக்கட்டு வெச்சு, ஒரு பத்தைப் பிரிச்சுப் பத்து ஒன்றுகளாக்குற இனமாற்றம் சொல்லிக் குடுங்க. இரட்டைப்படைக்கு வழக்கம்போல நடத்துங்க." மாரிமுத்துவின் எண் பதினாலு.

அன்றிலிருந்து இதுதான் மண்டையில் ஓடுகிறது. அவர் சொல்வதில் தப்பில்லை. ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லாவிட்டால், பிள்ளைகள் என் முறையால் தேறினார்களா, நாளாக ஆகத் தானாகவே தேறினார்களா என்று எப்படிச் சொல்வது? ஆய்வு முடிந்ததும் இரட்டைப்படைக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். சரிதான். ஆனால் அதுவரை? எனக்குத் தெரிந்த ஒன்றை, என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருக்கு வேண்டுமென்றே சொல்லாமல், அவர்கள் தப்பாகப் போடுவதை எண்ணி அட்டவணையில் எழுத வேண்டும். என்னால் ஆகாது, தேனு. ஆராய்ச்சியாளருக்கு ஆகலாம், வகுப்பு டீச்சருக்கு ஆகாது.

அப்புறம்தான் பிரேசில் கட்டுரை கையில் கிடைத்தது. 1985-இல் வந்தது. ரெசிஃபே நகரத்துச் சந்தையிலும் தெருவிலும் விற்கிற சிறுவர்களிடம் வாடிக்கையாளர் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 98 சரி. அதே வகைக் கணக்கை வெறும் எண்களாகப் பேப்பரில் கொடுத்தால் 37 தான் சரி. நம் பூக்கடைக்காரனேதான்! எத்தனை பேரை வைத்துச் செய்தார்கள் தெரியுமா? ஐந்தே ஐந்து பிள்ளைகள். உலகமே படிக்கிற ஆய்வுக்கு ஐந்து பேர் போதும், எனக்கு மட்டும் இரண்டு குழுவா? கட்டுரையை ஐயா மேஜையில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பிழைப் பகுப்பாய்வாகச் செய்யுங்கள், ஆனால் இன்னொரு மாவட்டத்துப் பள்ளியும் இருந்தால் நல்லது என்றார்.

அங்கேதான் நீ வருகிறாய். உன் நாலாம் வகுப்பை இரண்டு நாள் எனக்குக் கொடு. வினாத்தாள் இதோடு வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் கொடு. தப்பாகப் போட்டவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, "எப்படிப் போட்டே?" என்று மட்டும் கேட்டு போனில் பதிவு செய். திருத்தாதே. உதட்டைச் சுழிக்காதே. முக்கியமாக, உன் அந்த "நல்லாஆஆப் பாரு" வேண்டவே வேண்டாம். பிள்ளை உடனே விடையை மாற்றிவிடும். பெயர் எழுதாமல் எண் மட்டும் போடு. உங்கள் ஹெச்.எம்.மிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள். முடிந்ததும் எல்லோருக்கும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துவிடு, ஒருத்தரையும் விடாமல்.

முன்வரைவைப் பொங்கலுக்குள் கொடுக்க வேண்டும். அதனால் பதில் கடிதம் எழுதுகிறேன் என்று உட்காராதே, நீ எழுதி முடிப்பதற்குள் என் பதிவுக் காலம் முடிந்துவிடும். எட்டு மணிக்கு மேல் போன் பண்ணு.

உன்,
ராஜி

பி.கு: பச்சை டிபன் கேரியர் என்னிடம் இல்லை. எத்தனை தடவை கேட்டாலும் இல்லை.